சட்டம் எப்போது ஊருக்குள் வருகிறது? அலாஸ்காவில் திருட்டு மீன்பிடிப்பும் பாலியல் வன்முறையும்

ஜூலை மாதம். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தின் தென்மேற்கில் பிரிஸ்டல் விரிகுடா. எகெகிக் என்ற மீன்பிடி வட்டாரத்தின் எல்லைக்கோட்டை ஒட்டிப் படகுகள் இடித்துக்கொள்ளாத குறையாக நிற்கின்றன. கடலிலிருந்து ஆற்றை நோக்கி வரும் சால்மன் கூட்டம் முதலில் தாண்டுவது இந்தக் கோட்டைத்தான். அதனால் கோட்டின் விளிம்பிலேயே வலை போட எல்லோருக்கும் ஆசை. கோடு என்றால் கண்ணுக்குத் தெரிகிற கோடு இல்லை, ஜிபிஎஸ் எண்களில் மட்டும் இருக்கிற கோடு. இந்தப் பக்கம் வலை கிடந்தால் தொழில். நீரோட்டம் இழுத்து அந்தப் பக்கம் கொஞ்சம் நழுவினாலும் குற்றம். தலைக்கு மேலே ஒரு சின்ன விமானம் தாழப் பறந்து வட்டமிடுகிறது. உள்ளே இருக்கும் காவலர் படம் எடுக்கிறார், இடத்தைக் குறித்துக்கொள்கிறார், படகின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படிக்கிறார். வழக்கு பாதி முடிந்துவிட்டது.

அதே மாநிலத்தில், சாலையே போகாத ஒரு கிராமம். முந்நூறு பேர் இருக்கலாம். இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் உதவி கேட்டுத் தொலைபேசியை எடுக்கிறாள். ஊரில் காவலர் யாரும் இல்லை. பக்கத்துக் காவல் நிலையம் விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது. வெளியே பனிமூட்டம். வானம் தெளிந்த பிறகுதான் விமானம் கிளம்பும்.

இரண்டு இடத்துக்கும் பொறுப்பு ஒரே துறை, மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புத் துறை. அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று பொதுவான குற்றங்களைப் பார்க்கும் மாநில ட்ரூப்பர்கள். மற்றது மீனையும் விலங்குகளையும் காக்கும் வைல்ட்லைஃப் ட்ரூப்பர்கள். இரண்டாவது பிரிவினரும் முழுப் பயிற்சி பெற்ற காவலர்கள்தான், எந்தக் குற்றத்துக்கும் கைது செய்யும் அதிகாரம் உள்ளவர்கள். ஆனாலும் ஒரு குற்றத்தைத் தேடிக்கொண்டு விமானம் வருகிறது, இன்னொரு குற்றத்துக்கு அழைத்தாலும் வந்து சேரத் தாமதமாகிறது. இது ஏன் என்று விளங்கிவிட்டால் 'சட்ட அமலாக்கம்' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதும் விளங்கிவிடும். அதற்காகத்தான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

சட்டம் இயற்றுவது ஒரு வேலை, அதை நடைமுறைப்படுத்துவது முற்றிலும் வேறு வேலை. குற்றம் நடந்தது யாருக்காவது தெரிய வேண்டும். தெரிந்தவர் அதைச் சொல்ல வேண்டும். சொன்னதும் ஓர் ஆள் அங்கே போய்ச் சேர வேண்டும். சான்று அழிவதற்குள் அதைச் சேகரிக்க வேண்டும். அது ஆய்வகத்துக்குப் போக வேண்டும், அரசு வழக்கறிஞர் வழக்கை எடுக்க வேண்டும், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

கையும் களவுமாக

முதலில் மீன். திருட்டு மீன்பிடிப்பு என்றதும் அடுத்தவர் குளத்தில் இறங்கித் திருடுவது என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. உரிமம் இல்லாமல் பிடிப்பது, மூடிய நேரத்தில் பிடிப்பது, மூடிய நீரில் பிடிப்பது, அனுமதித்ததைவிட நீளமான வலை போடுவது எல்லாம் அதில் வரும். அலாஸ்காவில் இந்த விதிகளை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1959இல் மாநிலமாவதற்கு முன், வெளியூர் நிறுவனங்கள் பெரிய மீன்பொறிகளை அமைத்துச் சால்மனை வாரிக்கொண்டு போயின. தனி மாநிலம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்தக் கோபம் வலுச் சேர்த்தது. அரசியலமைப்போடு சேர்த்தே வணிக மீன்பொறிகளைத் தடைசெய்யும் ஆணைக்கும் மக்கள் வாக்களித்தார்கள். மீன் உள்ளிட்ட புதுப்பிக்கத்தக்க வளங்களை வற்றாத விளைச்சல் தரும் முறையில்தான் பயன்படுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் எட்டாவது பிரிவு சொல்கிறது. மீனைக் காப்பது அந்த மாநிலத்தின் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் காவல் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பிரிஸ்டல் விரிகுடாவின் ஆறுகளில் கரையோரம் உயரமான கோபுரங்கள் உண்டு. ஒருவர் மேலே நின்று ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம், கீழே நீந்திப் போகும் மீன்களை எண்ணுகிறார். அதை வைத்து முட்டையிடப் போகும் மீன்களின் மொத்தத் தொகையைக் கணக்கிடுகிறார்கள். போதுமான மீன் மேலே போய்விட்டால் வட்டாரத்தைத் திறக்கிறார்கள், போகவில்லை என்றால் மூடுகிறார்கள். இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை என்று அறிவிப்பு வரும். மூடும் நேரம் வந்த பிறகும் தண்ணீரில் வலை கிடந்தால் அதுவே குற்றம். 2022இல் ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம் சாக்ஐ என்ற வகைச் சால்மன்கள் இங்கே வந்தன, இதுவரை இல்லாத அளவு. அத்தனை மீன் இன்னும் வருகிறது என்றால் அதற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காவலரின் பக்கம் நின்று பாருங்கள். குற்றம் எந்த இடத்தில் நடக்கும் என்று தெரியும், எந்த நேரத்தில் நடக்கும் என்று தெரியும், மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கும் தெரியும். மீன் கரைக்கு வந்தாலும் தடயம் விட்டுக்கொண்டேதான் வருகிறது. வாங்கும் ஆலை ஒவ்வொரு முறையும் யார், எங்கே, எவ்வளவு பிடித்தார் என்று சீட்டுப் போட்டு அரசுக்குக் கொடுத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு மீறல்களுக்கு மாநிலச் சட்டத்தில் தனியாக ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில், 'வேண்டுமென்றே செய்தாயா?' என்ற கேள்வியே இல்லை. வலை கோட்டுக்கு அப்பால் கிடந்தது என்று நிரூபித்தால் போதும். முதல் முறை 3,000 டாலர் வரை அபராதம், பத்தாண்டுக்குள் இரண்டாம் முறை என்றால் 6,000 வரை, மூன்றாம் முறை என்றால் 9,000 வரை. சட்டவிரோதமாகப் பிடித்த மீனின் மதிப்பும் போய்விடும். தெரிந்தே பெரிய அளவில் செய்தவர்களுக்குக் கடுமையான பிரிவுகள் வேறு இருக்கின்றன. திருட்டு மீனை மாநிலம் தாண்டி விற்றால் 1900இல் வந்த லேசி சட்டத்தின்படி நடுவண் அரசும் வழக்குப் போடலாம்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று சொல்வோமே, அதற்கென்றே அமைத்த ஏற்பாடு இது.

கண்ணுக்குத் தெரியாத குற்றம்

பாலியல் வன்முறையில் இந்த வசதிகளில் ஒன்றுகூட இல்லை. எங்கே, எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மூடிய கதவுக்குப் பின்னால், பெரும்பாலும் தெரிந்தவராலேயே நடக்கிறது. ரோந்து போய்ப் பிடிக்க முடியாது. பாதிக்கப்பட்டவர் வாய் திறந்தால்தான் காவல் துறைக்குத் தெரியும். முதல் சாட்சியும் அவர்தான், சான்று இருக்கும் இடமும் அவர் உடல்தான். அந்தச் சான்றுக்கு ஆயுள் மிகக் குறைவு.

அந்தக் கிராமத்துப் பெண்ணிடம் திரும்பிப் போவோம். குளிக்க வேண்டாம், உடை மாற்ற வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். மாற்றியிருந்தால் துணியைக் காகிதப் பையில் போட்டு வைக்கச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பை ஆகாது. ஈரம் உள்ளேயே தங்கி, டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். உடலிலிருந்து தடயவியல் மாதிரியை 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது, பல வழிகாட்டுதல்கள் 120 மணி நேரம் வரை இடம் கொடுக்கின்றன. கேட்கும்போது நிறைய நேரம் போலத் தெரியும். உடம்பெல்லாம் அருவருப்பில் கூசும்போது குளிக்காமல் ஓர் இரவைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஊரில் சமுதாயச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் இருப்பார். அலாஸ்காவின் தொலைதூரக் கிராமங்களில் 1960களிலிருந்து வளர்ந்து வந்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் அவர் இந்தப் பெண்ணுக்கு அத்தையாக இருக்கலாம், குற்றம் செய்தவனுக்குச் சித்தியாகவும் இருக்கலாம். தடயவியல் பரிசோதனைக்கென்று பயிற்சி பெற்ற செவிலியர் பெத்தேல், நோம், ஆங்கரேஜ் போன்ற ஊர்களில்தான் இருப்பார். பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டும். ஓடுபாதைக்கு அவள் போவதை ஊரே பார்க்கும். ரகசியம் காக்கப்படும் என்று அதிகாரி சொல்லும் உறுதிக்கு முந்நூறு பேர் உள்ள ஊரில் எவ்வளவு மதிப்பு இருக்கும்?

பரிசோதனை முடிந்தாலும் எடுத்த மாதிரி ஆய்வகத்தில் வரிசையில் நிற்கிறது. அலாஸ்காவில் 2017இல் கணக்கெடுத்தபோது, சோதிக்கப்படாத 3,400க்கும் மேற்பட்ட மாதிரிப் பெட்டிகள் காவல் நிலைய அலமாரிகளில் கிடந்தன. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும், குளிக்காமல் காத்திருந்த ஒருவர் இருக்கிறார். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரவும் வேண்டும். பின்னர் நடுவண் அரசின் நிதியைக் கொண்டும் புதிய மாநிலச் சட்டங்களைக் கொண்டும் அந்தத் தேக்கத்தைக் குறைக்கும் வேலை தொடங்கியது.

சட்டத்தின் வாசகத்திலும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. மீனவரின் சிறு மீறலில் மனம் என்ன நினைத்தது என்ற கேள்வியே இல்லை என்று பார்த்தோம். பாலியல் குற்றத்திலோ இருவர் மனத்தில் என்ன இருந்தது என்பதே வழக்கு. அலாஸ்காவின் பழைய சட்டம், சம்மதம் இல்லை என்று காட்ட வன்முறையோ வன்முறை மிரட்டலோ இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. பயத்தில் உறைந்துபோனவர், 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னவர், அதில் விடுபட்டுப்போனார்கள். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். தானாக முன்வந்து கொடுப்பதும், கொடுத்த பிறகும் திரும்பப் பெறக்கூடியதும்தான் சம்மதம் என்பது இப்போதைய வரையறை. வலையும் பெண்ணும் ஒன்றல்ல, சிறைத்தண்டனை தரும் குற்றத்துக்கு உயர்ந்த நிரூபணம் கேட்பது நியாயம்தான். அதற்காகச் சட்டத்தின் வாசகமே பாதிக்கப்பட்டவருக்கு எதிராக இருக்க வேண்டியதில்லை.

ஒரு விவரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் இந்தத் தடயவியல் பரிசோதனைக்குப் பாதிக்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது. காவல் துறையில் புகார் கொடுத்தால்தான் பரிசோதனை என்று நிபந்தனை போடவும் கூடாது. சான்றை முதலில் பத்திரப்படுத்திவிட்டு, புகாரைப் பற்றிப் பிறகு முடிவெடுக்கலாம்.

யார் ஊர், யார் காவல்?

இதுவரை சொன்னதை வைத்து, குற்றத்தின் தன்மைதான் காரணம், அரசு என்ன செய்ய முடியும் என்று யாரும் கேட்கலாம். பாதி உண்மை. மீதிப் பாதி, ஆட்களை எங்கே நிறுத்துவது என்று அரசு எடுத்த முடிவு.

அலாஸ்காவின் பரப்பு ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏழே கால் லட்சத்துக்குச் சற்று மேல். கிராமங்களில் பெரும்பாலானவை பூர்வகுடி மக்களின் ஊர்கள். கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி, அவசரம் என்றால் சின்ன விமானம். யூக்கான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. பெத்தேல் அவற்றுக்கு மையம். அந்தப் பெத்தேலுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது.

அமெரிக்காவின் மற்றப் பகுதிகளில் பல பூர்வகுடிகளுக்குச் சொந்தக் காவல் துறையும் நீதிமன்றமும் தமக்கென்று ஒரு நிலப்பரப்பும் உண்டு. அலாஸ்காவில் கதை வேறு. 1953இல் வந்த பொதுச் சட்டம் 280, பூர்வகுடி நிலங்களில் குற்ற வழக்குப் பொறுப்பைச் சில மாநிலங்களிடம் ஒப்படைத்தது. 1958இல் அது அலாஸ்காவுக்கும் நீட்டிக்கப்பட்டது. பொறுப்பு வந்தது, அதற்கான பணம் வரவில்லை. 1971இல் பூர்வகுடிகளின் நில உரிமைக் கோரிக்கைகளைத் தீர்த்துவைத்த நிலத் தீர்வுச் சட்டம், மெட்லகாட்லா என்ற ஓர் இடம் தவிர, அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மற்ற நிலப்பகுதிகளை நீக்கியது. 1998இல் வெனிடை என்ற கிராமத்தின் வழக்கில், அந்தத் தீர்வின்வழி வந்த நிலத்தைப் 'பூர்வகுடி நாடு', அதாவது பூர்வகுடி அரசின் அதிகாரம் செல்லும் பகுதி, என்று கொள்ள முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூர்வகுடி ஆட்சிமன்றம் இருந்தது, குற்றத்தைத் தண்டிக்க அதற்கு நிலப்பரப்பு அதிகாரம் இல்லாமல் போனது. அதிகாரம் உள்ள மாநிலமோ விமானத் தூரத்தில் இருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் கிராமப் பொதுப் பாதுகாப்பு அலுவலர் திட்டம். மாநில அரசு பணம் தரும், வட்டாரப் பூர்வகுடி அமைப்பு ஆளை வேலைக்கு எடுக்கும். தீயணைப்பு, மீட்பு, முதலுதவி, காவல் எல்லாம் அந்த ஒருவர் தலையில். துப்பாக்கி வைத்துக்கொள்ள 2014 வரை அவருக்கு அனுமதி இல்லை. மூர்க்கமான ஆள் ஒருவனின் வீட்டுக் கதவை வெறுங்கையோடு தனியாகப் போய்த் தட்ட வேண்டும். 2010களின் தொடக்கத்தில் நூற்றை ஒட்டியிருந்த இவர்களின் எண்ணிக்கை 2019க்குள் பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்த ஆண்டு ஆங்கரேஜ் டெய்லி நியூஸ் நாளிதழும் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனமும் சேர்ந்து நடத்திய புலனாய்வு, மூன்றில் ஓர் ஊரில் உள்ளூர்க் காவலரே இல்லை என்று கண்டது. 2020இல் அதற்குப் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. 2019 ஜூனில் அப்போதைய நடுவண் சட்டத்துறைத் தலைவர் வில்லியம் பார், அலாஸ்காவின் கிராமப்புறத்தில் சட்ட அமலாக்க நெருக்கடி நிலையை அறிவித்து 1 கோடியே 5 லட்சம் டாலர் ஒதுக்கினார்.

கிராம மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். சாலை உள்ள ஊருக்கு ட்ரூப்பர், சாலை இல்லாத பூர்வகுடி ஊருக்குக் குறைந்த பயிற்சி பெற்ற அலுவலர், இது பாகுபாடு என்பது அவர்கள் வாதம். 2005இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாலை இல்லாத ஊரையும் சாலை உள்ள ஊரையும் சட்டத்தின் பார்வையில் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட முடியாது என்றது. எனக்கு இந்தத் தர்க்கம் நெருடுகிறது. எகெகிக் வட்டாரத்துக்கும்தான் வெளியிலிருந்து சாலை இல்லை. வலையைப் பார்க்க அங்கே விமானம் போகிறது.

இதே மக்கள் மீன் சட்டத்தைச் சந்தித்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2012 கோடையில் குஸ்கோக்விம் ஆற்றில் கிங் சால்மன் குறைவாக வந்ததால் உணவுக்காக மீன்பிடிப்பதையும் கட்டுப்படுத்தினார்கள். குளிர்காலத்துக்கு மீனை உலர்த்திச் சேமித்தாக வேண்டிய யூபிக் என்ற பூர்வகுடிக் குடும்பங்கள் சில தடையை மீறி வலை போட்டன. காவலர்கள் வந்தார்கள், வலைகளையும் மீனையும் பறிமுதல் செய்தார்கள். வழக்கு பெத்தேல் நீதிமன்றத்துக்குப் போனது, மறு ஆண்டு குற்றம் உறுதியானது. கிங் சால்மன் உண்மையாகவே சரிந்துகொண்டிருந்தது, தடைக்குக் காரணம் இருந்தது. ஆனால் தன் ஊரில் சீருடையைப் பார்த்ததே தாத்தாவின் வலையைப் பிடுங்கிய நாளில்தான் என்று ஒரு பெண்ணுக்கு நினைவிருந்தால், இரவு இரண்டு மணிக்கு அதே சீருடையை நம்பி அவள் எப்படி அழைப்பாள்? புகார் கொடுக்க நம்பிக்கை வேண்டும். மீன் வழக்குக்கு அது தேவைப்படுவதில்லை.

புள்ளிவிவரத்தைப் படிக்கும்போதும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மீன் வழக்குகள் கூடினால் பெரும்பாலும் ரோந்து கூடியிருக்கிறது என்று பொருள். பாலியல் வன்முறைப் புகார்கள் கூடினால் குற்றம் கூடியிருக்கலாம், சொல்லத் துணிந்தவர்கள் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. பதிவாகும் பாலியல் வன்புணர்வு விகிதத்தில் அலாஸ்கா பல ஆண்டுகளாக அமெரிக்காவிலேயே முதலிடத்தில், தேசிய சராசரியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கிலோ அதற்கு மேலோ இருக்கிறது. புகார் கொடுக்கவே ஆள் இல்லாத ஊர்கள் இத்தனை இருந்தும் இந்த எண்ணிக்கை.

என்ன மாறியிருக்கிறது? அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அமைத்த ஆணையம் ஒன்று 2013இல் கொடுத்த அறிக்கை, எல்லாவற்றையும் மாநிலத் தலைமையிடம் குவித்து வைத்த அலாஸ்கா முறையைக் கடுமையாகக் குறை சொல்லி, உள்ளூர்ப் பூர்வகுடி அரசுகளிடம் அதிகாரத்தைக் கொடுக்கச் சொன்னது. 2022இல் புதுப்பிக்கப்பட்ட பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம் அந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்தது. தேர்ந்தெடுக்கப்படும் சில அலாஸ்கா ஊர்களில், பாலியல் வன்முறை உள்ளிட்ட சில குற்றங்களில் பூர்வகுடி அல்லாதவர்களையும் பூர்வகுடி நீதிமன்றம் விசாரிக்க ஒரு முன்னோடித் திட்டத்துக்கு அது வழி செய்கிறது. உள்ளூர் அலுவலர்களைத் திரும்பச் சேர்க்கவும் மாநிலம் முயல்கிறது. அதில் வரும் பெரிய முட்டுக்கட்டைகளில் ஒன்று வீடு. பல கிராமங்களில் வாடகைக்கு வீடே கிடையாது, குழாய்த் தண்ணீர் இல்லாத ஊர்களும் உண்டு. சம்பளம் ஒதுக்கி, ஆளைத் தேடிப் பயிற்சி கொடுத்து அனுப்பினாலும், குளிர்காலத்தில் அவர் குடும்பத்தோடு தங்கச் சூடான ஓர் அறை இருந்தால்தான் அவர் அங்கே நிலைப்பார். அவர் இருக்கும் ஊரில், அந்த இரவு இரண்டு மணி அழைப்புக்கு ஒருவர் நடந்தே வந்து கதவைத் தட்டலாம். துணியைக் காகிதப் பையில் போட்டு, பையை மூடி, நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, விமானம் வரும்வரை அவளோடு உட்கார்ந்திருக்கலாம்.